மதகைத் தாண்டாத தேர்

அன்பு மகன் அமலனுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை மஸ்கட்டிலிருந்து பேசியபோது, “கல்யாணத்த இங்க சர்ச்சுலயே முடிச்சிக்கிறோம்மா, ஊர்ல ஓலையெல்லாம் வாசிக்க வேணாம், உனக்கு எதுக்குத் தொந்தரவு” என்றாய். நான் வழக்கம்போல “சரிப்பா, உடம்பப் பாத்துக்க” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். நான் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று வீட்டில் எல்லோரையும் பழக்கியவளே நான்தான். இந்தக் கடிதம் அந்தப் பழக்கத்தை மீறி எழுதுவது. செலினும் இதைப் படிக்கட்டும், அவள் அப்பா அந்தோணியும் படிக்கட்டும். பெரிய மாமா கேட்டால் அவருக்கும் படித்துக் காட்டுவேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நம் பங்குச் சாமியாரைப் பார்த்து, உங்கள் ஓலையை நம் ஊர் மாதா கோயிலில் வாசிக்கச் சொன்னேன். மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், மாப்பிள்ளை பெண் பெயரையும் பெற்றவர்கள் பெயரையும் தெருவையும் சபைக்கு அறிவித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது நம் வழக்கம். முதல் ஓலை இன்று காலை வாசித்தாகிவிட்டது. ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாம் மஸ்கட்டில் இருந்த காலத்துக்குப் போக வேண்டும். உனக்கு அதில் பாதி நினைவிருக்கும். மீதிப் பாதியை நாங்கள் உன் காதில் விழாமல் பேசினோம்.

உன் அப்பாவுக்கு அங்கே கம்பெனிக் கணக்கு வேலை, எனக்கு இந்தியப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம். ரூவியில் ரசாக் பாய் மளிகைக் கடைக்கு மேலே நம் வீடு. பாய்க்குக் கூத்தாநல்லூர். நீடாமங்கலத்து ஆட்கள் என்று சொன்னதும் முன்பணம் வாங்காமல் சாவியைக் கொடுத்தார். அந்த நாடு நம்மைத் துன்புறுத்தியது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அரசர் கொடுத்த நிலத்தில் கோயில் இருந்தது, பூசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்பதால் வெள்ளிக்கிழமைதான் நமக்கு ஞாயிறு. நீ ஒன்றாம் வகுப்பில், கடவுள் ஆறு நாள் வேலை செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓய்வெடுத்தார் என்று எழுதிவைத்தாய். பெரிய வெள்ளிக்கு எப்போதும் விடுமுறை, உயிர்ப்பு ஞாயிறுக்கு எப்போதும் வேலை. துக்கத்துக்கு லீவு கிடைக்கும், சந்தோஷத்துக்குக் கிடைக்காது என்று உன் அப்பா சிரிப்பார். சுவருக்கு உள்ளே எதை வேண்டுமானாலும் கும்பிடலாம். தெருவுக்கு மட்டும் வரக் கூடாது. மணி இல்லை, பவனி இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பால்கனியில் தொங்கவிடக் கூடாது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமே கூடத்துக்குள் தொங்கவிட்டோம். சிறுபான்மையாக இருப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். யாரும் கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்துக்கொள்வது. நோன்பு மாதத்தில் நீ தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேனில் ஏறுவாயே, அதைப் பார்த்து ரசாக் பாய்தான் சத்தம் போட்டார். “சின்னப் புள்ளைக்கு ஏது நோன்பு? வெளிய எடுத்துக் குடிடா.”

வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் தமிழ்ச் செபம். பாய் கடையிலிருந்து வாங்கிய நீளமான பவானி ஜமுக்காளத்தை விரித்தால் கூடம் நிறைந்துவிடும். நாற்காலி போட இடமில்லாததால் எல்லோரும் கீழேதான். பாட்டுக்கு நடுவில் பாங்கு கேட்டால் நிறுத்திவிட்டு, முடிந்ததும் விட்ட அடியிலிருந்து தொடங்குவோம். ஒரு நாள் பாய் மேலே வந்து கதவைத் தட்டினார். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, “பாட்ட நிறுத்தச் சொல்லி வரல தங்கச்சி. ஏசியப் போட்டுட்டு ஜன்னலத் தொறந்து வச்சிருக்கீங்க. கரண்டு பில்லு எனக்குல்ல வருது” என்றார். அன்று அதிகம் சிரித்தது அந்தோணி.

அந்தோணியும் நானும் ஒரே ஊர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் பத்தொன்பது வயதில் கல்லூரிக்காகத் திருச்சிக்குப் போகும்வரை நான் அவரைப் பார்த்ததாகவே நினைவில்லை. வாய்க்காலுக்கு வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். “தெற்குத் தெரு ஆளுங்க” என்றுதான் நம் வீட்டில் சொல்வோம். சாதிப் பெயரை வாயில் எடுக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற பெயர் அது. கோயிலிலும் அவர்களுக்குத் தெற்குப் பக்கத்து வாசல், தெற்குப் பக்கத்துத் தரை. அவர் அப்பா சூசை என் அப்பாவின் வயலில் அறுத்தவர். மஸ்கட்டில் அந்தோணி ஒரு பெரிய ஓட்டலுக்கு எலக்ட்ரீஷியன். முதல் வியாழக்கிழமை வந்தபோது வாசல் பக்கமாகவே நின்றார். “உள்ள வாங்க” என்று உன் அப்பா சொன்னார். வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்தடுத்த வாரங்களில் ஓரம் என்பதே இல்லாமல் போயிற்று. அவர் மனைவி ஸ்டெல்லா நம் சமையலறையில் என்னைவிட உரிமையோடு புழங்கினாள். செலினுக்கு நீ சைக்கிள் கற்றுக்கொடுத்தாய். நாம் திருந்திவிட்டோம் என்று நான் நினைத்தேன். படித்தவள், எதையும் சுலபத்தில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள், இதை மட்டும் ஆதாரம் கேட்காமல் நம்பினேன்.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் சிலர் சேர்ந்ததும், மாதா கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒரு தேர் செய்து கொடுக்கலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வருடக்கணக்காகத் தெருவில் ஒரு மெழுகுவத்தி ஏந்த முடியாதவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? உன் அப்பா பொறுப்பேற்றார். அந்தோணி, மின்விளக்கு முழுக்கத் தன்னுடையது என்றார். பல்பு, ஒயர் எல்லாம் அங்கேயே வாங்கி, வாரா வாரம் நம் ஜமுக்காளத்தில் பரப்பி வைத்துக் கோத்தார். நீயும் செலினும் சிவப்பு பல்பையும் நீல பல்பையும் பிரித்துக் கொடுத்தீர்கள். வேலை முடிகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை, செபம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் உன் அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டார். “சார், தேரு எங்க தெருவுக்கும் வரும்ல?”

ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அது ஊர்ல பேச வேண்டியது, இங்க என்னத்துக்கு” என்றார். இன்னொருவர், “வரக்கூடாதுன்னு யாரு சொன்னா? வாய்க்கா மதகு தாங்கணும்ல? தேரு வெயிட்டு என்ன, அந்த மதகு என்ன” என்றார். அந்தோணி என்னைப் பார்த்தார். “டீச்சர் அந்த ஊர்ல பொறந்தவங்க. மதகு தாங்காதா டீச்சர்?”

எனக்கு அந்த மதகைத் தெரியும். வாய்க்காலுக்குக் குறுக்கே தெற்குத் தெருவுக்குப் போகிற கல் பாலம். உன் பெரிய மாமாவின் கட்சி முதல் தடவை ஆட்சிக்கு வந்த புதிதில், கூலி நெல் தகராறு உச்சத்தில் இருந்த அறுவடைக் காலம். தெற்குத் தெரு முழுக்கச் சிவப்புக் கொடி ஏற்றி, அரிவாளைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. கதிர் முற்றி உதிர்ந்துகொண்டிருந்தது. வயல்கள் வாய்க்காலுக்குத் தெற்கே, அவர்கள் தெருவைத் தாண்டித்தான். என் அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வெளியாட்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். முன்னால் போலீஸ் வண்டி, பின்னால் ஆட்கள் நிறைந்த இரண்டு லாரி. விடுமுறைக்கு வந்திருந்த நான் மாடியிலிருந்து பார்த்தேன். மூன்றும் வரிசையாக அந்த மதகின் மேல் போயின. சாயங்காலம் அதே லாரிகள் நெல் மூட்டையோடு திரும்பி வந்தன. மதகில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. அடுத்த ஞாயிறு சூசை கோயிலுக்கு வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று வடக்குப் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை.

இது அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? “தெரியல அந்தோணி. நான் பாத்து ரொம்ப வருஷமாச்சு.” அந்நிய நாட்டில், விரல் விட்டு எண்ணக்கூடிய நாலு குடும்பம், அதற்குள் சண்டை வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வெளியே தலை குனிந்து வாழ்கிறவர்கள் உள்ளே ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்றால், அந்த ஒற்றுமைக்காக எப்போதும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

கீழே கடையில் ரசாக் பாயிடம் உன் அப்பா இதைச் சொல்லியிருக்கிறார். பாய் பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னாராம். “ஊர்ல எங்க சந்தனக்கூடு போறப்ப எந்தெந்தத் தெருவுல மேளத்த நிறுத்தணும்னு எங்களுக்கு மனப்பாடம். இங்க வந்தா உங்களுக்கு மனப்பாடம். அந்தத் தம்பிக்கு மட்டும் ரெண்டு ஊரும் மனப்பாடமா?” பாய் ஒன்றும் மகான் இல்லை. அவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய கதையையும் நான் அறிவேன். ஆனால் அவர் கேட்டது சரிதான்.

நீ ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் தேர்த் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வந்தோம். அன்று சாயங்காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஏனென்றால் பிறகு பல மாதம் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பும் நீலமுமாகத் தேர் ஜொலித்தது. பின்னால் ஜெனரேட்டர் வண்டி. வடக்குத் தெருக்களைச் சுற்றிவிட்டு மதகடிக்கு வந்தது. வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை, இன்னும் மேட்டூர் திறக்கவில்லை. அந்தப் பக்கம் தெருவே கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி நின்றது. செலின் பட்டுப் பாவாடையில், கையில் மெழுகுவத்தியோடு முதல் ஆளாக நின்றாள். யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, தேரை இழுத்தவர்கள் மதகுக்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். சாமியார் வாய்க்காலைப் பார்த்து ஆசீர் கொடுத்தார். தேர் திரும்பியது. அந்தோணி வடக்குப் பக்கம், ஜெனரேட்டர் வண்டிக்கு அருகில்தான் நின்றார். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிற வேலை அவருடையது. கோயில் வரை கூடவே நடந்து வந்து, விளக்கை அணைத்து, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போகும்போது உன் அப்பாவிடம், “மஸ்கட்ல நமக்குத் தெருவே இல்ல சார், அது ஒண்ணுலதான் நாம ஒண்ணா இருந்தோம். இங்க உங்களுக்கு இருக்கு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். “ஏம்மா திரும்பிடுச்சு? செலின் அங்கதானே நிக்கிறா?” மதகு தாங்காது என்று உனக்கும் சொன்னேன். அதுவரை உனக்கு நான் சொன்ன எதையும் நீ சந்தேகித்ததில்லை. அன்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புடவையை விட்டுவிட்டாய்.

மஸ்கட் திரும்பிய பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. வியாழக்கிழமை வருவது நின்றது, வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பூசைக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் மட்டும் வந்தது. ஸ்டெல்லா வாசலிலேயே கொடுத்துவிட்டு, “அடுப்புல வேலை இருக்கு டீச்சர்” என்று போய்விடுவாள். ஜமுக்காளத்தில் இடம் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு நாம் ஊரோடு வந்துவிட்டோம், உன் அப்பா போய்ச் சேர்ந்தார், நீ படித்து முடித்து அதே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாய். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற செலினை மறுபடி பார்த்ததாகச் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயமும் இல்லை. நம்மைத் திரும்பிப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு எப்படி மனம் வந்தது என்ற ஆச்சரியம்.

பெரிய மாமாவை உனக்குத் தெரியும். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு, மேடை ஏறினால் சாதி ஒழிப்பு. கல்யாணத்தை அங்கேயே முடித்துக்கொள் என்று உனக்கு யோசனை சொன்னவர் அவர்தான். என்னிடமும் வந்தார். “எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. சின்னஞ்சிறுசுங்க, நல்லா இருக்கட்டும். அங்கயே முடிச்சிரட்டும். இங்க ஓலை அது இதுன்னு வாசிச்சு ஊரக் கூட்டாத. தேர்தல் வருது” என்றார்.

“தடை இருந்தா சொல்லுங்கன்னுதானேண்ணே வாசிக்கிறாங்க? சொல்றவங்க சொல்லட்டும்.”

“வாயத் தொறந்து ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஆனா நாளைக்கு உன் வீட்டுல ஒருத்தனும் கை நனைக்க மாட்டான். இந்த வயசுல உனக்கு இது தேவையா?”

நீயும் இதையேதான் கொஞ்சம் மென்மையாகச் சொன்னாய், “உனக்கு எதுக்குத் தொந்தரவு” என்று. மகனே, நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. நட்சத்திரத்தைக் கூடத்துக்குள் தொங்கவிடு. அங்கே நாம் அதைச் செய்ததில் தவறில்லை, அது அவர்கள் நாடு, நாம் போய் இருந்தவர்கள். ஆனால் உன் கல்யாணத்தை உன் சொந்த ஊருக்கு மறைத்து வேறொரு நாட்டில் முடித்துவந்தால், செலின் மறுபடி மதகுக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தியோடு நிற்பாள். இந்த முறை நிறுத்தி வைப்பது நீயாக இருப்பாய். நீ எந்த நாட்டில் எந்தத் தெருவில் வாழப் போகிறாயோ, எனக்குத் தெரியாது. அடக்கம் வேறு, ஒளிவு வேறு என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். நான் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தேன்.

இன்று பூசையில் நான் வழக்கமான இடத்தில்தான் இருந்தேன். சாமியார் வாசித்தார். வடக்குத் தெரு, இன்னாரின் மகன் அமலன். தெற்குத் தெரு, அந்தோணிசாமி, ஸ்டெல்லா இவர்களின் மகள் செலின். எனக்கு முன் வரிசையில் ஒரு முக்காடு மெல்லத் திரும்பி, மறுபடி நேரானது. தெற்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் சத்தமாக “ஆமென்” என்றாள். ஓலைக்கு ஆமென் சொல்கிற வழக்கம் இல்லை. சிரிப்பு எழுந்து அடங்கியது. வெளியே வந்தபோது நம் பக்கத்தில் யாரும் என்னிடம் பேசவில்லை. மாமா சொன்னது சரிதான்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தெற்குத் தெருவுக்கு நடந்தேன். பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், முதல் தடவை. அந்தோணியின் அக்கா ஆரோக்கியம்மாள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னது அவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று கீழே பாயில் உட்கார்ந்தேன்.

“பொண்ணு கேட்டு வந்திருக்கேன்” என்றேன். “அங்க அவங்களே பேசிட்டாங்க. ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தன வருசமா அந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணி ஒண்ணுதான் தன்னால வந்துச்சு. இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க. சந்தோஷம். காப்பி குடிப்பீங்களா?”

“குடிப்பேன்.”

நான் குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார். “கல்யாணம் இங்கயா, அங்கயா?”

“இங்க வச்சுக்கணும்னு எனக்கு ஆசை. புள்ளைங்க சம்மதிக்கணும்.”

“இங்கன்னா பொண்ணும் மாப்பிள்ளையும் பவனி வரணுமே. மதகு தாங்குமா?”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மஸ்கட்டில் நம் கூடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவரிடம் சொன்னேன். போலீஸ் வண்டி, இரண்டு லாரி, மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். “எங்களுக்குத் தெரியாதா? லாரி எங்க தெருவுக்குள்ள வந்தப்ப முன்னாடி படுத்தவ நான்தானே” என்றார். “உங்களுக்குத் தெரியுமான்னுதான் எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு.”

ரசாக் பாயின் மகன் நாளைக்கு மஸ்கட் புறப்படுகிறான், இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தோணியிடம் நீயே படித்துக் காட்டு. அவருக்கு நான் தனியாக எழுதவில்லை. எழுதினால் மன்னிப்பு என்ற வார்த்தை வரும். அதைக் கேட்டால் அவர் பெருந்தன்மையாக ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், மறுபடி அவரே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை, அது தொடங்குமுன் லீவு கிடைத்தால் நீங்கள் இருவரும் வரலாம். வர மாட்டோம் என்று செலின் சொன்னால் அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு, நான் அங்கே வருவேன். ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அங்கே என்று மட்டும் முடிவு செய்யாதே.

திரும்பி வரும்போது மதகில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. சம்பா அறுவடை நடக்கிறது. தெற்கேயிருந்து நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று என்னைத் தாண்டி வடக்கே போனது. காலுக்கடியில் ஒரு அதிர்வுகூட இல்லை.

அம்மா